அஞ்சு மணிக் கோவில்

அம்மாவோடு பேசுவதில்லை என்று ஸ்நேகா சபதம் போட்டு நாலு நாள் ஆகிவிட்டது.

பின்னே? பிள்ளை பெற்றவள் ஆசையாக ஒன்று கேட்டால் இப்படியா விரட்டுவது?

அண்ணி வசுந்தராவுக்குக் குழந்தை பிறந்து பதினாறு நாள். பத்தியம் சமைக்க அம்மாவும், கூடமாட ஒத்தாசைக்கு ஸ்நேகாவும் கும்பகோணத்திலிருந்து கொல்கத்தா பெஹாலாவில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

அண்ணி கேட்டது தெருமுனை புச்கா. நம்ம ஊர் பானிபூரிதான், கொஞ்சம் பெரிசு.

"பச்சை உடம்புக்காரிக்குப் புளித்தண்ணி கேக்குதா? பிள்ளைக்கு வயிறு என்னத்துக்கு ஆகும்? ரசத்தைக் குடி."

அண்ணி பூண்டு ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அம்மா அசையவில்லை.

மறுநாளிலிருந்து அம்மாவுக்குப் பக்தி வேறு முற்றிவிட்டது. அஞ்சு மணியானால் ஒயர் கூடையோடு, "கோவிலுக்குப் போயிட்டு வரேன்." வந்ததும் ஸ்நேகாவை மொட்டை மாடிக்கு விரட்டுவாள், குழந்தைத் துணி எடுக்க.

இன்று ஸ்நேகா மாடிக்குப் போகவில்லை. நைசாகத் தெருமுனைக்கு ஓடினாள்.

"மதுதா, ஆறு புச்கா பார்சல்," என்றாள் கடைக்காரரிடம், அரைகுறை இந்தியில்.

"தண்ணி வேணுமா, வேண்டாமா?"

"தண்ணி இல்லாம யாராவது வாங்குவாங்களா?"

"ஒரு வயசான மாசிமா வாங்குறாங்களே. மூணு நாளா வெறும் பூரி மட்டும். என் புளித்தண்ணியை மோந்து பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிக்கிறாங்க."

"லூசா இருக்கும்," என்றாள் ஸ்நேகா.

பொட்டலத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வந்து அண்ணியின் அறைக் கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் அண்ணி ஆவென்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒரு பூரியை உடைத்து, உள்ளே பருப்புத் துவையல் வைத்து, பூண்டு ரசத்தை ஊற்றி, அந்த வாயில் போட்டாள்.

"மாட்டிக்கிட்டோம் அத்தை," என்று வாய் நிறையச் சிரித்தாள் அண்ணி.

ஸ்நேகாவின் துப்பட்டாவில் ஒழுகிய புளித்தண்ணியை அம்மா பார்த்தாள்.

"உன் வாயில எதுவும் நிக்காதேன்னுதான்டி சொல்லலை. உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா டாக்டருக்கே போன் போடுவான். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் பூரியை இங்க குடு. இவளுக்கு ஆறு பத்தலை."

"அப்ப கோவில்?" நாலு நாள் கழித்து அம்மாவிடம் வாயைத் திறந்தாள் ஸ்நேகா.

திறந்த வாயில் ஒரு பூரியைத் திணித்தாள் அம்மா.