மை காயும் வரை

மணி மூன்று பத்து.

"அண்ணே, கையை எடுங்க. மை இன்னும் காயல."

சஞ்சீவ் கையை இழுத்துக்கொண்டான். மேசையில் ஒரு வெள்ளை அட்டை. அதில் இப்போதுதான் அச்சு வைத்த தேவதை வெறும் கறுப்புக் கோடுகளாக நின்றாள்.

"எவ்வளவு நேரம் ஆகும், தங்கச்சி?"

"காய பத்து நிமிஷம். கலர் அடிக்க அரைமணி. பேர் போட அஞ்சு நிமிஷம். உங்களுக்கு அஞ்சு மணிக்குத்தானே? சாவகாசமா போகலாம் லா."

"அஞ்சு மணிக்கு நான் அவங்க ஃப்ளாட்டுக்குக் கீழ நிக்கணும். அதுக்கு முன்னாடி கார்டு மேல வீட்டுக்குப் போயிருக்கணும்."

சூலியா தெருவில், நாணயம் மாற்றும் கடைக்கு மேல்மாடியில், நஸீஹா கையால் வாழ்த்து அட்டை செய்து விற்றாள். ஒரு சுவர் முழுக்க ரப்பர் அச்சுகள். இன்னொரு சுவரில் முந்நூறு மார்க்கர்கள்.

"இப்பவே ஆரம்பிங்களேன்," என்றான் சஞ்சீவ்.

"மை காயாம மார்க்கர் வெச்சா கோடு கரையும்ணே."

"லேசா. ஓரமா."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தோல் நிற மார்க்கரை எடுத்து தேவதையின் கன்னத்தில் வைத்தாள். மூக்கின் கோடு மார்க்கரோடு கூடவே இழுபட்டது. முகம் சாம்பலாகிவிட்டது.

"பாத்தீங்களா? அடுப்புச் சாம்பலைப் பூசின மாதிரி ஆயிட்டா." அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். "இனிமே வாயைத் திறக்கக் கூடாது. அங்க போய் உக்காருங்க."

மறுபடி அச்சு. மறுபடி காத்திருப்பு. மூன்று இருபத்தைந்து.

அவன் உட்காரவில்லை.

"யாருக்குண்ணே?"

"மகளுக்கு. இன்னிக்குப் பத்து வயசு."

"பெத்த பிள்ளைக்கு நேரா கையில கொடுக்க வேண்டியதுதானே. ஏன் கார்டு மேல போகணும், நீங்க கீழ நிக்கணும்?"

"நானும் அவ அம்மாவும் பிரிஞ்சு ஆறு வருஷம். நான் சிங்கப்பூர்ல இருக்கேன். பிள்ளைக்கு இஷ்டம்னா பாக்கலாம்னு லாயர் பேசி முடிச்சிருக்காரு. கார்டை வாசல்ல காவலுக்கு இருக்கிற ஜாகா மேல கொண்டுபோய்க் கொடுப்பாரு. அதைப் பாத்துட்டு அஞ்சு மணிக்கு அவ இறங்கி வரணும்."

"வரலன்னா?"

"அவ்வளவுதான். கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

நஸீஹா விரல் நுனியால் மையைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. வெளிர் நிறத்தில் தொடங்கினாள். முகம், கை, கால். ஓரங்களில் கொஞ்சம் அடர்ந்த நிறம். இரண்டும் சேரும் இடத்தில் மறுபடி வெளிர். கோடு அசையவில்லை.

"இறக்கைக்கு என்ன கலர்?"

"ஊதா."

"பிள்ளைக்குப் பிடிச்ச கலரா?"

"நாலு வயசுல பிடிக்கும்."

அவள் ஊதாவை எடுத்தாள். "கவலைப்படாதீங்க. பிள்ளை வரும் லா."

"அவ அம்மா விடணுமே. என்னைப் பத்தி என்னென்ன சொல்லி வெச்சிருக்காளோ. அப்பான்னு ஒருத்தன் இருக்கான்னாவது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ என்னமோ."

"இத்தனை வருஷத்துல நீங்க ஒண்ணும் அனுப்பலையா?"

"அனுப்பினேனே. வருஷா வருஷம்."

அவன் ஒருமுறைகூட அனுப்பியதில்லை. முதல் வருஷம் கோபம். அடுத்த வருஷம் வெட்கம். அதன்பின் நாள்களை எண்ணுவதையே விட்டுவிட்டான்.

"பிள்ளை கைக்குப் போயிருக்காது," என்றான். "அவ கிழிச்சுப் போட்டிருப்பா. அந்த மாதிரி ஆளு."

"பாவம்ணே நீங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான்கு மணி ஐந்து. இறக்கையில் வெள்ளைப் பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். தேவதை பறக்கத் தயாராக இருந்தாள். சஞ்சீவ் மேசையருகே குனிந்தான். இதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் இறங்கி வருவாள் என்று முதன்முறையாகத் தோன்றியது.

"முடிஞ்சுதா?"

"பேர்தான் பாக்கி. கலர் கெட்டுப்போனா, பேர் போட்ட கார்டு வேற யாருக்கும் ஆகாது. அதான் பேரைக் கடைசியா போடறது." எழுத்து அச்சுகள் இருந்த டப்பாவைத் திறந்தாள். "சொல்லுங்க."

"மேல, தனுஜா. கீழ, அப்பா."

டப்பாவில் துழாவிய விரல்கள் நின்றன.

"தனுஜாவா? வீடு பூலாவ் திக்குஸ்லயா?"

"ஆமா."

"ரஜிதா அக்கா பொண்ணா?"

சஞ்சீவ் நிமிர்ந்தான். "அவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நஸீஹா டப்பாவை மூடினாள்.

"அஞ்சு வருஷமா தனுஜாவுக்குக் கார்டு செய்யறது நான்தான் அண்ணே. அக்கா வந்து வாங்கிட்டுப் போவாங்க. 'அவ அப்பா வெளியூர்ல இருக்காரு, மகளுக்கு வாங்கச் சொன்னாரு'ம்பாங்க. இன்னிக்குக் காலையிலகூட வந்தாங்க. தேவதை எல்லாம் இப்ப பிடிக்காது, பூனை போடுன்னாங்க."

கீழே தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

"எப்பவும் போல அதுலயும் அன்புடன் அப்பான்னு நானே அச்சு வெச்சுக் கொடுத்தேன். இதுல யாருன்னு போடட்டும்?"