துக்கம் கேட்க வந்த அதிபர்

கேளுங்கள் செல்லங்களா, டல்லாஸ் நகரில் யாழினியின் மகன் ஆதிரன் போரில் இறந்த செய்தி வந்த மறுநாள், கூடத்துத் திரையில் அமெரிக்க அதிபர் தோன்றினார். படைவீரன் இறந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்வது அதிபரின் கடமை. அவருக்கு நேரமில்லாததால், அவரைப் போலவே செய்த உருவம் ஒன்று அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்தந்த வீட்டு மொழியில் பேசும், அழவும் அழும். அதே நேரத்தில் எதிர்வீட்டிலும் அது ஸ்பானிய மொழியில் அழுதுகொண்டிருந்தது.

“தங்கமான புள்ளைம்மா. ஒரு வாய் சாப்பிட்டீங்களா?” என்றது, கண்ணைத் துடைத்தபடி.

யாழினி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அதனிடம்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. மகள் மகிழினியையும் படையில் சேரச் சொல்லி அன்று காலையில்தான் உத்தரவு வந்திருந்தது.

“எனக்கு இனி இவ ஒருத்திதான். இவளையாவது விட்டுடுங்க.”

“அது என் அதிகாரம்மா. நான் இப்ப கடமைக்கு வந்திருக்கேன். ரெண்டையும் கலக்கக் கூடாது.”

“ரெண்டும் ஒரே ஆளுதானே, பாவி!”

“உங்க வேதனை எனக்குப் புரியுது. நேரமாச்சு, போயிட்டு வரேம்மா.”

சாவு வீட்டில் நம்மில் யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல மாட்டோம். வாய் திறக்காமல் எழுந்து போய்விடுவோம். அந்த உருவம் கல்யாண வீட்டுப் பேச்சில் தமிழ் படித்திருக்கும் போலிருக்கிறது.

“சொல்லத் தெரியுதா பாரு, சனியனுக்கு!” என்று யாழினி கத்தினாள்.

மகிழினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரியாத்தாம்மா சொல்லியிருக்கு. அது திரும்பவும் வரும். அப்ப நீ தனியா இருப்ப.”