இடி சக்கரவர்த்தியின் கடைசி ஆட்டம்

"அண்ணே, சக்கரவர்த்தி அண்ணன் அவனுங்க பந்தல்ல போய்க் குந்தியிருக்காரு" என்றான் காசி, மூச்சிரைக்க.

கீழ்பென்னாத்தூர் அணியின் கேப்டன் கலையரசன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். இறுதி ஆட்டம் தொடங்கப் போகிறது. மைதானத்தின் எதிர்ப்பக்கம், வேங்கிக்கால் அணியின் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே, தானும் ஒரு வெள்ளைச் சட்டையாக உட்கார்ந்திருந்தார் இவனுடைய முதல் பேட்ஸ்மேன்.

"அது மட்டும் இல்லண்ணே. அவங்க கேப்டன் இளஞ்செழியன் தோள்ல கையப் போட்டு, 'கவலப்படாத, மேட்ச்சு நமக்குத்தான்'னு சொன்னாரு. என் காதால கேட்டேன். அவன் வாயே தொறக்கல, சிரிச்சிக்கினு நின்னான்."

அது இரண்டாயிரமாவது வருடம். பேப்பரைப் பிரித்தாலே கிரிக்கெட் சூதாட்டச் செய்திதான்.

ஆனால் இடி சக்கரவர்த்தியா? வருடக்கணக்காக ஜில்லாவையே நடுங்க வைத்த மனிதர். அவர் தூக்கி அடித்த பந்து, செங்கம் ரோட்டில் போன பெங்களூர் பஸ்ஸின் கூரையில் விழுந்து, ஊரைவிட்டே போன கதை எல்லாருக்கும் தெரியும். அவர் ஆட வருகிறார் என்றால் பந்து வீசுகிறவர்களுக்கு முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும்.

"இருக்காதுடா. வாய மூடு" என்றான் கலையரசன். சொன்னானே தவிர, அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்துக்குச் சக்கரவர்த்தி மட்டையைத் தூக்கவே இல்லை. அடுத்த பந்து மெதுவாகத்தான் வந்தது. மற்ற நாளாக இருந்தால் அது எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழுந்திருக்கும். அவரோ பந்து தாண்டிப் போன பிறகு மட்டையை நீட்டினார்.

"நான் சொன்னேன்ல?" என்று முணுமுணுத்தான் காசி.

மூன்றாவது, தரையே தொடாமல் வந்த ஃபுல் டாஸ். சின்னப் பிள்ளைகூட அடித்துவிடும். அவர் சிலையாக நின்றார். நடு ஸ்டம்ப் சாய்ந்தது.

"வித்துட்டான்யா மேட்ச்ச!" கூட்டத்தில் எவனோ கத்தினான். ஒரு செருப்பு பறந்து வந்து விழுந்தது.

சக்கரவர்த்தி தலை குனிந்தபடி, அடிமேல் அடி வைத்துத் திரும்பி வந்தார். கலையரசனுக்கு ரத்தம் கொதித்தது. உச்சி வெயிலில் மைதானத்துக்குள் பாய்ந்தவன், அவரை வழிமறித்து நின்றான். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆத்திரத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

ஒரு கை தூரத்தில், முகத்துக்கு முகம் நின்றார்கள். இடி சக்கரவர்த்தி கண்களை இடுக்கி, அவன் முகம் இருந்த பக்கமாகத் துழாவினார். யாருக்கும் கேட்காத குரலில் கெஞ்சினார்:

"எங்க கேப்டன் கலையரசன்கிட்ட என்னைக் கொஞ்சம் கூட்டிக்கினு போறியா, தம்பி?"