நாலு பிக்சலும் ஒரு நெபுலாவும்

தொலைநோக்கிக்குப் பொறுமை போய்விட்டது. வானத்தில் புகைபோல் மங்கிய வாயுமேகமான நெபுலா ஒன்று மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கேமராவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்த நான்கு பிக்சல்களோ ஆளுக்கொரு துளி வெளிச்சத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டு நின்றன.

"தனித்தனியா கொடுத்தா ஒரு மண்ணும் தெரியாது. சேர்த்துக் கொடுத்துத் தொலைங்கடா!" என்று கத்தியது தொலைநோக்கி.

"சேர்த்துட்டா என் துளி எதுன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றது முதல் பிக்சல்.

"சரி, சேர்றோம். யாரு பேர்ல?" என்றது இரண்டாவது.

மற்ற இரண்டும் "என் பேர்லதான்!" என்று பாய்ந்து வந்தன. அந்தப் பஞ்சாயத்திலேயே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

கடைசியில் நான்கும் சமாதானமாகி, வெளிச்சத்தை ஒன்றாகக் கொட்டின. படம் பளிச்சென்று விழுந்தது.

"எப்படிண்ணே நம்ம ஒற்றுமை?"

தொலைநோக்கி படத்தைப் பார்த்தது. நெபுலாவைக் காணோம். மலையுச்சி செல்போன் டவர், கம்பி கம்பியாக.