கோலமாவு வரைபடம்

ஜீப்பில் கொண்டுவந்த சுண்ணாம்புத் தூள் பை எங்கே போனதென்று திட்ட அதிகாரி ஜெர்லினுக்குத் தெரியவில்லை.

காரைக்காலில் ஏற்றியது நிச்சயம். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில், புல் அறுத்த கையோடு கூட்டத்துக்கு வந்திருந்த அஞ்சுகத்தின் புல்லுக்கட்டுக்குப் பக்கத்தில் டிரைவர் இறக்கி வைத்ததும் நிச்சயம். இப்போது அங்கே புல்லுக்கட்டு மட்டும்தான் இருந்தது.

அரையாண்டு லீவில் காலியாகக் கிடந்த பள்ளிக்கூட முற்றத்தில் ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஊரின் படத்தைத் தரையில் அவர்களே வரைய வேண்டும். பிறகு ஆளுக்கொரு புளியங்கொட்டையை, எந்த இடத்தில் முதலில் வேலை நடக்க வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும். கொட்டை அதிகம் விழுந்த இடத்துக்குத்தான் இந்த வருடத் திட்டத்தில் முதல் வேலை. படம் வரையத் தூள் இல்லாமல் என்ன செய்வது?

"கோலமாவுலயே போட்டுடலாமே மேடம்" என்றாள் அஞ்சுகம்.

ஜெர்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மார்கழி மாதத்தில் கோலமாவு இல்லாத வீடு ஏது? கோயில் தெருப் பெண்களே ஓடிப்போய் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அஞ்சுகத்தின் கை நல்ல கை என்பது ஊருக்கே தெரியும். வரைவதை அவளிடமே விட்டார்கள்.

மகளிர் குழுத் தலைவி மங்கையர்க்கரசிக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. எதில் வரைந்தால் என்ன, கோயில் தெருவுக்குத்தான் ஆட்கள் அதிகம். அங்கே ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு, வீட்டு வாசல்களெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. இந்த முறை அதன்மேல் கலர் கல் பதிக்க வேண்டும். அவள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவான விஷயம் அது.

அஞ்சுகத்தின் வீடு வடிகால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அங்கே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள். கடந்து வர ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் அவள் மகள் இனியா பள்ளிக்கூடப் பையோடு அதிலிருந்து வழுக்கி விழுந்தாள். சடையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் அஞ்சுகம் எழுந்து நின்று பாலம் கேட்டாள். பார்க்கலாம், உட்கார் என்றார்கள்.

இன்று அவள் எதுவும் கேட்கவில்லை. குனிந்து வரையத் தொடங்கினாள்.

முற்றத்தின் உள்கோடியில், சுவரை ஒட்டிக் கோயில் தெரு. நடுவில் வயல்களும் குளமும். வாசல் பக்கம், பெண்கள் நின்ற இடத்தில், வடிகால் வாய்க்கால்.

வெறும் கோடாகப் போட அவளுக்கு மனம் வரவில்லை போலும். புள்ளி வைத்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை முற்றம் நிறையத் தெருக்களைச் சிக்குக் கோலமாக இழுத்தாள். வயலுக்குப் பச்சைப் பொடி, குளத்துக்கு நீலம். கோயில் இருக்குமிடத்தில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து, பறங்கிப்பூ செருகி, அகல் விளக்கு ஏற்றினாள்.

"என்னா கை அஞ்சுகம் ஒனக்கு!" மங்கையர்க்கரசி பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜெர்லின் புளியங்கொட்டைகளைக் கொடுத்தாள்.

முதலில் போனவள் வாய்க்கால் ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கினாள். வைக்க இடமில்லை. தூக்கிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

மார்கழிக் கோலத்தை எந்த மகராசி மிதிப்பாள்? தூக்கிப் போடலாம் என்றால், குறி தவறிப் பிள்ளையார் தலையில் விழுந்து தொலைத்தால்?

அவள் நின்ற இடத்திலேயே குனிந்து, கொட்டையை வாய்க்கால் கரையில் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஒதுங்கினாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். கோயில் தெருவே வரிசையாக வந்து வாய்க்கால் கரையில் கொட்டை வைத்துவிட்டுப் போனது.

உள்ளே போய் வைக்கலாம் என்று காட்டுவதற்காக ஜெர்லின் ஓரடி எடுத்து வைத்தாள்.

"மேடம், மிதிச்சிடாதீங்க!" முற்றமே அலறியது.

கடைசியாக மங்கையர்க்கரசி வந்தாள். கோயில் தெருவைப் பார்த்தாள். பிள்ளையாரைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். கொட்டையை வாய்க்கால் கரையில் வைத்தாள், கொஞ்சம் அழுத்தியே.

"அப்ப, எல்லாரும் வாய்க்காலுக்குப் பாலந்தான் கேக்குறீங்களா?" ஜெர்லினால் நம்ப முடியவில்லை.

பெண்கள் மங்கையர்க்கரசியைத் திரும்பிப் பார்த்தார்கள். மங்கையர்க்கரசி முந்தானையை இழுத்துச் செருகினாள். தோற்றுப் போய் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை.

"ஆமாங்க மேடம். புள்ளைங்க போயி வரணும்ல? நாந்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்."

ஜெர்லின் ஒரு பெஞ்சின் மேல் ஏறி, கோலத்தையும் கொட்டைகளையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

அஞ்சுகம் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல், புல்லுக்கட்டைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பனைமரத்தின் மேல் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள்.

அக்கரையில் காத்திருந்த இனியா கட்டை இறக்கக் கைகொடுத்தாள். "என்னம்மா, இந்தக் கனம் கனக்குது?"

அஞ்சுகம் கயிற்றை அவிழ்த்தாள். புல்லுக்கு நடுவே சுண்ணாம்புத் தூள் பை சிந்தாமல் சிதறாமல் இருந்தது.

"பத்திரமா உள்ள எடுத்து வை. பாலத்துக்குக் கோடு போட வருவாங்கல்ல, அப்பக் குடுக்கணும்" என்றாள்.