கையை எடுங்க!

"உங்க கை படத்துல விழுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா!" என்றாள் ரேணுகா, செல்போனை நீட்டிப் பிடித்தபடி.

விவசாயிகளுக்கு அரசு தரும் உதவித்தொகை நிற்காமல் வர வேண்டுமானால், நிலத்துக்காரரின் முகத்தை செல்போனில் பதிய வேண்டும். இன்றுதான் கடைசி நாள். அதற்காகத்தான் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ரேணுகா மலைக்கிராமமான பிக்கட்டிக்கு வந்திருந்தாள்.

வாசலில் நாற்காலி போட்டு மாரிச்சாமியை உட்கார வைத்திருந்தார்கள். தலையில் குரங்குக் குல்லா, கழுத்துவரை கம்பளி. அந்தக் குளிரில் ஊரே அப்படித்தான் போர்த்திக்கொண்டு இருந்தது. நாற்காலியை ஒட்டி நின்றிருந்த மனைவி அங்கம்மாவின் கை அவர் தாடைக்குக் கீழே இருந்தது.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

மாரிச்சாமியின் கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின.

"கோவமுங்க மேடம்," என்றாள் அங்கம்மா அவசரமாக. "உருளைக்கெழங்கு போடலாம்னாருங்க. நான் கேரட்டுதான்னு ஒத்தக் கால்ல நின்னேன். அன்னைக்கிருந்து வாயே தொறக்கறதில்லீங்க."

ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்லயும் இதே கூத்துதான் போங்க!"

முகம் சரியாகப் பதியவில்லை என்று செல்போன் சிவப்பு காட்டியது.

"அவர் முகம் மட்டும்தான் தெரியணும். கையும் தெரியக்கூடாது."

அங்கம்மா தாடையிலிருந்து கையை எடுத்து, அதே வேகத்தில் பின்கழுத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடி சிவப்பு.

"அவருக்குக் குளிருதுங்க மேடம்..."

"ஒரு நிமிஷம் குளிர்ந்தா ஒண்ணும் ஆயிடாது. புதுசாக் கல்யாணம் ஆனவங்ககூட இப்படி ஒட்டிக்கிட்டு நிக்க மாட்டாங்கக்கா!"

அங்கம்மா சிரிக்கவில்லை. "எப்படியாவது முடிச்சுக் குடுங்க மேடம். இந்தப் பணம் வந்துதான் வெதை வாங்கோணும். இல்லைன்னா காடு சும்மா கெடக்கும்."

கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. அது வந்து மூடிவிட்டால் சிக்னலும் போய்விடும். இன்னும் நாலு வீடு பாக்கி. ரேணுகாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, கடைசியாச் சொல்றேன். கையை எடுங்க. இல்லைன்னா நான் கிளம்பறேன். அப்புறம் பணம் வரலைன்னு ஆபீஸ்ல வந்து நிக்காதீங்க."

அங்கம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. குனிந்து கணவரின் காதருகே பேசினாள். "ஏனுங்க, கேட்டீங்களா? கையை எடுக்கறேனுங்க. என்னைக் கைவிட்டுறாதீங்க."

ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பிறகு பயந்து பயந்து ஓரடி நகர்ந்தாள்.

மாரிச்சாமியின் தலை லேசாக ஆடி நின்றது. செல்போனையே பார்த்தார். கண்களைச் சிமிட்டினார். பச்சை விழுந்தது.

"அப்பாடா! இதுக்குப் போய் இவ்வளவு பாடா? பணம் வந்துரும்கா."

அங்கம்மா செல்போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று ரேணுகாவின் காலில் விழுந்துவிட்டாள்.

"ஐயய்யோ, எந்திரிங்கக்கா! பணம் குடுக்கறது கவர்மெண்ட். என் கால்ல ஏன் விழறீங்க?"

"பணத்துக்கு இல்லீங்க மேடம்," என்று தேம்பினாள் அங்கம்மா. "தை மாசம் பக்கவாதம் வந்து விழுந்தவருங்க. தெரிஞ்சா பணத்தை நிறுத்திப்புடுவாங்களோன்னு மறைச்சுட்டேன். அப்போ இருந்து உக்கார வெச்சா இந்தத் தலையை நாந்தானுங்க தாங்கிப் புடிக்கறேன். தொங்கிப் போயிருமோன்னு பயந்து ஒருநாள்கூடக் கையை எடுத்துப் பாத்ததில்லை. நீங்க மட்டும் அதட்டலைன்னா, அவருக்குத் தலை நின்னதே எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க!"