பூனைக்குள் போன வால்

"எதுவும் அழிவதில்லை, வடிவம்தான் மாறுகிறது" என்று இயற்பியல் ஆசிரியை வகுப்பில் சொன்னது, டியூப்லைட்டுக்குப் பின்னால் இருந்த பல்லியின் காதில் விழுந்தது. முந்தின நாள்தான் அதன் வாலைப் பூனை தின்றிருந்ததால் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. மூலையில் மாட்டிக்கொண்ட ஈசலிடமும் அதையே சொன்னது.

"பயப்படாதே தம்பி. நீ அழிஞ்சுபோக மாட்டே. என் புது வாலா மாறப்போறே, அவ்வளவுதான்."

ஈசல் கேட்டது: "அப்ப உங்க பழைய வாலும் அழியலைதானே அண்ணே?"

"எப்படி அழியும்? பூனைக்குள்ள பத்திரமா இருக்கு."

"பாவம், அங்கே தனியா இருக்குமே. நீங்களும் போய்ச் சேர்ந்துக்கலாம். பூனை இதோ பீரோ மேலதான் உட்கார்ந்திருக்கு. கூப்பிடட்டுமா?"

பல்லி எட்டிப் பார்த்தது. பூனையும் மேலே பார்த்தது.

பல்லி சத்தமில்லாமல் நகர்ந்து ஈசலுக்கு வழிவிட்டது.